மலையகத்துக்கு ஊழியப் பயணம்: டிக்கெட் எடுக்குமுன்

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்ட பிறகு, நம் கேரள எல்லைப்பக்கத் தமிழ்ச் சபைகளில் மலையகப் பயணம் பற்றிய பேச்சு கூடிவிட்டது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் அடி பலமாக விழுந்தது. மூணாறு, மறையூர், பீர்மேடு, குமுளிப் பக்கத்திலும், பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலும் உள்ள சபைகள், பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவாக ஒரு வாரம் பத்து நாள் போய்வரலாமா என்று கேட்கின்றன. பயணத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களிடம் பேசினால், உடம்பைவிட மற்ற ஏற்பாடுகளில்தான் ஓட்டை அதிகம் தெரிகிறது. எனவே இம்முறை காய்ச்சலோடும் தடுப்பூசியோடும் நிறுத்தாமல், அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், ஏன் இந்த ஓட்டைகள் விழுகின்றன என்று பார்ப்போம். உகாண்டாவுக்கோ கென்யாவுக்கோ போகும் குழு மூன்று மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே, மலேரியா மாத்திரை எது, யார் அழைப்புக் கடிதம் தருவது என்று எல்லாம் எழுதி வைக்கிறார்கள். இலங்கை என்றால் மட்டும் போடியில் கல்யாணத்துக்குப் போவது போலப் பை கட்டுகிறார்கள். காரணம் புரியக்கூடியதே. அங்கும் தேயிலை, அங்கும் லயம், அங்கும் கங்காணி, கொழுந்து, பிரட்டு. பேசுவது தமிழ். திருநெல்வேலி, மதுரை, திருச்சிப் பக்கத்து ஊர்களின் பெயர்கூடப் பல குடும்பங்களில் இன்னும் நினைவில் இருக்கிறது. 1964-இல் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் சில, வண்டிப்பெரியாறு வழியாகப் போகும் கவியில் ஏலத்தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டன. ஊழிய வழியும் பழையது. கண்டியை மையமாகக் கொண்டு 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போயிருக்கிறார்கள்.

ஆனால் நாடு வேறு, சட்டம் வேறு, நோய்க் கணக்கும் வேறு. பழகிய இடம் போலத் தெரிவதால்தான் விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் விடுகிறோம்.

ஒரு குழு இன்னும் தயாராகவில்லை என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. அழைக்கும் சபையின் கடிதம் வருமுன்பே விமான டிக்கெட் எடுத்தாயிற்று. நிகழ்ச்சி நிரலில் ‘மெடிக்கல் கேம்ப்’ என்று இருக்கிறது, எந்த மருத்துவர் என்று இல்லை. அரிசிப் பையும் கைப்பிரதிக் கட்டும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. குழுவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வலிப்பு என்பது தலைவருக்குத் தெரியாது. இவற்றில் இரண்டு பொருந்தினாலே தேதியைத் தள்ளிவைப்பது நல்லது. டிக்கெட் பணம் கொஞ்சம் போகும், போகட்டும்.

வீசாவிலிருந்து தொடங்குவோம். இணையவழிப் பயண அனுமதி (இ.டி.ஏ) சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்ப்பதற்கும் உரியது. அதை வைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனையில் உட்காருவதில் தவறில்லை. மேடை போட்டுப் பிரசங்கிப்பதும், கைப்பிரதி கொடுப்பதும், ஜெபக்கூட்டம் நடத்துவதும் அந்த அனுமதிக்குள் வராது. சமயப் பணிக்கான வீசாவுக்கு அங்குள்ள சபை விண்ணப்பிக்க வேண்டும். கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தின் பரிந்துரையும் வேண்டும். இது இலங்கைக்கு மட்டும் உள்ள கெடுபிடி என்று எண்ண வேண்டாம். நம் நாடும் மிஷனரிகளுக்குத் தனி வீசா வைத்திருக்கிறது. சுற்றுலா வீசாவில் வரும் வெளிநாட்டவர் வழிபாட்டில் கலந்துகொள்ளலாம், சமயப் பிரசாரம் செய்யக்கூடாது என்பதே இங்கும் விதி. நேபாளத்துக்கு நாம் வீசா இல்லாமலே போகலாம். ஆனால் 2018-இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் மதம் மாற்றுவதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. ‘போன வருஷம் ஒரு டீம் டூரிஸ்ட்னு சொல்லிட்டுப் போயிட்டு வந்துச்சு, ஒண்ணும் ஆகலை’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அகப்பட்டால் நீங்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவீர்கள்; விசாரணைக்கு அலைவது அங்கே இருக்கும் போதகர். விதிகள் அடிக்கடி மாறுவதால், ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல் இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மருத்துவ முகாம். நம் பக்கத்துச் சபை எதை எடுத்தாலும் நான்கு நர்ஸ் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கொண்டு ஒரு முகாம் வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இலங்கையில் வெளிநாட்டு மருத்துவர் நோயாளியைப் பார்க்க அந்நாட்டு மருத்துவ மன்றத்தின் தற்காலிகப் பதிவு வேண்டும். பெட்டி நிறைய மருந்து கொண்டுபோக, 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், மருத்துவ ரீதியாகவே இதில் பெரிய பலன் இல்லை. இரத்த அழுத்தத்துக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பினால் பதினோராம் நாள் அந்த அம்மா என்ன செய்வார்? இலங்கையில் அரசு மருத்துவமனைச் சிகிச்சை இலவசம். பகுதிக்குப் பகுதி குடும்பநல மருத்துவமாது (வீடு தேடி வரும் அரசுச் செவிலி) உண்டு. தோட்டத்து மக்களுக்குச் சிரமம் பெரும்பாலும் தூரமும், ஒருநாள் சம்பளம் போவதும், படிவத்தில் உள்ள சிங்களமும்தான். உங்கள் நர்ஸ் பிள்ளைகள் ஒரு முதியவரைக் கிளினிக் நாளில் கூட்டிப்போய்ச் சீட்டு எடுத்துக் கொடுத்தாலே, அட்டைப்பெட்டி மருந்தைவிட உதவி. முகாம் வேண்டும் என்று அழைக்கும் சபையே கேட்டால், அங்குள்ள அரசு மருத்துவரை முன்வைத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் வரிசையை ஒழுங்குசெய்து எடை, உயரம் பார்க்கலாம்.

இனி உடம்பு. இந்தியாவிலிருந்து நேராக இலங்கைக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை. (ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் குழுக்கள் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது அதைப் போட்டிருக்க வேண்டும். அந்த அட்டை 2016 முதல் வாழ்நாள் முழுதும் செல்லுபடியாகும், பத்திரமாக வையுங்கள்.) இலங்கைக்கு டெட்டனஸ், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகைத் தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள்.

பெரும்பாலான குழுக்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. இலங்கையில் மலேரியா இல்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்று இல்லாததால், 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. மலேரியாவைப் பரப்பும் கொசு மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. கிருமியை யாராவது உடம்பில் கொண்டுபோனால் போதும். முன்பும் ஒருமுறை 1963-இல் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா என்கிற அளவுக்குக் குறைத்திருந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்ததும் அதே பத்தாண்டின் கடைசியில் லட்சக்கணக்கானோருக்குப் பரவிவிட்டது. எனவே இந்தப் பயணத்தில் நாம் பயப்பட வேண்டிய நோயைவிட, நாம் கொண்டுபோகக்கூடிய நோய் முக்கியம். போகுமுன் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்து, முடிவு தெரிந்த பிறகே கிளம்புங்கள். அங்கே போய்க் காய்ச்சல் வந்தால் பையிலிருக்கும் மாத்திரையைப் போட்டுச் சமாளிக்காமல், அரசு மருத்துவமனைக்குப் போய், இந்தியாவிலிருந்து வந்திருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலேரியாவுக்கு அங்கே இலவசமாகச் சோதிப்பார்கள். சபைக்கு அவமானம் என்று ஒளித்து வைப்பதுதான் ஆபத்து.

டெங்கு இரண்டு நாட்டிலும் உண்டு. காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிப்பது போன்ற வலி இருந்தால் பாராசிட்டமால் மட்டும் போதும். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நிம்மதி அடையும் நேரமே கவனிக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், காரணமில்லாத சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் அந்தக் கட்டத்தில் காப்பாற்றாது. அவற்றைக் குடித்துக் காத்திருக்கும் ஒரு நாள்தான் நோயாளியை மோசமாக்குகிறது.

வெள்ளம் வடிந்த வீடுகளைக் கழுவும் வேலைக்குப் போகிறவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலுள்ள கிருமி, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போகிறது. அட்டை கடித்த இடமே போதுமான வாசல். கெண்டைக்கால் தசையில் தொட முடியாத வலி, கண் சிவத்தல், காய்ச்சல், பிறகு சிறுநீர் குறைதல் என்று போகும். கம்பூட்ஸ், ரப்பர் கையுறை கட்டாயம். சேற்றில் வேலை உறுதி என்றால், டாக்சிசைக்ளின் 200 மி.கி. வாரம் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போடுவது வழக்கம். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஆகாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் குழு முழுவதற்கும் ஒரு டப்பா வாங்கிப் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

நாய் கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அந்தப் புண்ணில் விழக்கூடாது. அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி தொடங்கி, அந்த அட்டையைக் கையோடு கொண்டுவந்தால் மீதியை இங்கே போட்டுக்கொள்ளலாம். குளிரையும் கணக்கில் எடுங்கள்: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர். மூணாறுக்காரர்களுக்கு ஸ்வெட்டர் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; பாலக்காட்டு வெயிலிலிருந்து போகிறவர்கள், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள், இன்ஹேலரைக் கைப்பையில் வைத்திருங்கள்.

ஊழியப் பயணத்துக்கே உரிய ஒரு சிக்கல் உபவாச ஜெபம். முதல் நாள் இரவெல்லாம் பயணம், மறுநாள் காலை முதல் உபவாசம். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், வழக்கமான அளவைப் போட்டுவிட்டு உண்ணாமலிருந்தால் தாழ்சர்க்கரை (இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போவது) வரும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஜெபக்கூட்டத்தில் இது நடந்தால் சுற்றியிருப்பவர்கள் இதை வேறு எதுவாகவோ எடுத்துக்கொண்டு தலையில் கைவைத்து நிற்பார்கள். முதலில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் குளுக்கோமீட்டரில் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்குங்கள். இந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு உபவாசத்திலிருந்து விலக்கு என்று தலைவரே வெளிப்படையாக அறிவித்துவிட்டால் நல்லது. அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். அதேபோல, ‘விசுவாசத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்ற சாட்சிக்கு அந்த நாட்களில் மேடை தர வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் வலிப்பு நோயாளி அன்றிரவே நிறுத்திப் பார்ப்பார். எல்லா மாத்திரையும் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டோடு, கைப்பையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது என்பதையும் மருத்துவ விஷயமாகவே சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போனதை இடுக்கியில் யாரும் மறக்கவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையில் கொஸ்லந்தை மீரியாபெத்தவில் நடந்ததும் அதே மாதிரிதான். மக்களோடு மக்களாக லயத்தில் படுப்போம் என்ற ஆசை நல்லதுதான், ஆனால் சரிவுக்குக் கீழே இருக்கும் லயமா என்று முதலில் பாருங்கள். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, தெளிந்திருந்த ஊற்று கலங்குவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, ஓடை திடீரென்று வற்றுவது இவை தெரிந்தால் பெட்டியை விட்டுவிட்டு வெளியேற வேண்டும், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு. இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது; தினமும் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். பயணத்தை அக்டோபர், நவம்பரில் வைக்காமலிருந்தால் இன்னும் நல்லது.

தோட்டத்துக்குள் நுழைவதற்குத் துரையின் (தோட்ட முகாமையாளர்) அனுமதி வேண்டும். 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களை நடத்துவது பிராந்தியக் கம்பெனிகள், லயமும் தோட்டத்துக்குள்தான் இருக்கிறது. கிராம அலுவலரிடமும் சொல்லிவிடுங்கள். வேலைநாள் காலையில் கூட்டம் வைத்தால், வந்து உட்காரும் ஒவ்வொருவருக்கும் அன்றைய பேர் (ஒருநாள் சம்பளக் கணக்கு) போகும், இல்லை அரைப்பேர்தான் விழும். அந்த இழப்பை யாரும் உங்களிடம் சொல்லிக் காட்ட மாட்டார்கள். கடைசிக் கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, பிள்ளைகளுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்த பிறகான நேரம்தான் அவர்களுடைய நேரம்.

மலையகத் தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள்; லயத்துக்கு நடுவே மாரியம்மன் கோயில் இருக்கும். நிவாரணப் பொருளையும் பிரசங்கத்தையும் ஒரே நாளில், ஒரே வேனில் கொண்டுபோவதால்தான் சண்டை வருகிறது. அரிசி கொடுப்பதானால் தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும், தோட்டத்தார் தயாரித்த பட்டியல்படி, கோயில் கமிட்டிக்கும் தெரிவித்துக் கொடுங்கள். இலங்கை அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது, மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் தருகிறது. 2007-ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டப்படி, மதப் பகைமையைத் தூண்டும் பேச்சுக்குக் கைது செய்யலாம். பிற மதத்தைப் பற்றிய ஒரு வாக்கியம் கைப்பேசியில் பதிவாகிவிட்டால், அது உங்கள் விமானத்துக்கு முன்னால் கொழும்பு போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் கேட்டுச் சம்மதித்தாலொழிய எடுக்கவே வேண்டாம், நன்கொடை திரட்டும் வீடியோவுக்காகக்கூட.

மண்சரிவில் உறவைப் பறிகொடுத்தவர்களிடம் என்ன பேசுவது என்று கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லித் தூண்ட வேண்டாம். கூட்டத்தில் எழுப்பிச் சாட்சி சொல்லவைப்பது காயத்தைக் கிளறுவது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே செயல்: பார்ப்பது, கேட்பது, இணைப்பது. யாருக்கு உடனடித் தேவை என்று பாருங்கள். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு சாப்பாடு, போர்வை, உறவினர், மருத்துவர், அரசு அலுவலர் என்று எது இல்லையோ அதோடு சேர்த்து விடுங்கள். ‘கர்த்தர் எடுத்துக்கொண்டார்’ என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். பிள்ளையை இழந்த தாய்க்கு அதை முதல் நாளில் சொல்ல வேண்டாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் கையில் கொண்டுபோகும் வெளிநாட்டு நோட்டுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரம்பு இருக்கிறது. வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் முன்அனுமதி இல்லாத நிலையில் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. சபைக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்குமுன் ஆடிட்டரைக் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது மருத்துவ வெளியேற்றம் (நோயாளியை விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரும் செலவு) அதில் உள்ளதா, ஏற்கெனவே உள்ள நோய்களை ஏற்கிறார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

திரும்பி வந்த பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் இலங்கை போய்வந்ததையும் சேற்றில் வேலை செய்ததையும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குத் தூக்கம் குறைவதும், கண்ட காட்சிகள் மீண்டும் வருவதும், வீட்டில் காரணமின்றி எரிந்து விழுவதும் பலருக்கு நேரக்கூடியவை; பெரும்பாலும் தானே தணியும். பெட்டிமுடியில் சொந்தங்களை இழந்தவர்கள் குழுவில் இருந்தால் அவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். இரவுத் தூக்கத்துக்கு மதுவோ கடையில் வாங்கிய தூக்க மாத்திரையோ வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால், அல்லது அதற்கு முன்பே வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், அரசின் டெலிமானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். கேரளத்தில் திஷா உதவி எண் 1056. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.